சென்டா பெரன்சன்: பெண்களைக் கூடைப்பந்து ஆட வைத்தவர், தரையில் ஏன் கோடு போட்டார்?

2024 ஏப்ரலில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் சராசரியாகச் சுமார் 1.9 கோடி பேர் பார்த்தார்கள். அதே வாரம் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் சுமார் 1.5 கோடி. கல்லூரி கூடைப்பந்தில் பெண்கள் ஃபைனல் ஆண்கள் ஃபைனலை முந்தியது அதுதான் முதல் முறை.

இந்த ஆட்டத்துக்கு இன்னொரு தொடக்கப் புள்ளி இருக்கிறது. 1893-ல் கல்லூரிப் பெண்கள் முதன்முதலாகக் கூடைப்பந்து ஆடியபோது ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று ஜிம் கதவைப் பூட்டிவிட்டார்கள். அந்த மேட்ச்சை நடத்தியவர் சென்டா பெரன்சன். 25 வயதுகூட நிரம்பியிருக்குமா நிரம்பியிருக்காதா என்கிற பருவத்தில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியை.

பெண்கள் கூடைப்பந்தின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். அதே பெண்தான் கோர்ட்டை மூன்றாகப் பிரித்துத் தரையில் கோடு போட்டு, யாரும் தாண்டக் கூடாது என்று விதி எழுதினார். அந்தக் கோடு முழுசாக அழிய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கதவைத் திறந்துவிட்டவரே ஏன் கோடு போட்டார்? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

யார் இந்த சென்டா பெரன்சன்?

1868 மார்ச் 19 அன்று, அப்போதைய ரஷ்யப் பேரரசில் இருந்த புட்ரிமோனிஸ் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று லித்துவேனியா நாட்டில் இருக்கிறது. குடும்பப் பெயர் வால்வ்ரோஜென்ஸ்கி. 1875-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் குடியேறியபோது அவருக்கு 7 வயது. அங்கே போனதும் அப்பா குடும்பப் பெயரை பெரன்சன் என்று மாற்றிக்கொண்டார். பாத்திர பண்டங்களைச் சுமந்துபோய் விற்கிற தொழில், கையில் பெரிதாகக் காசு கிடையாது. ஆனால் வீட்டில் புத்தகத்துக்கும் படிப்புக்கும் மரியாதை இருந்தது.

சென்டாவின் அண்ணன் பெர்னார்ட் பெரன்சன். ஹார்வர்டில் படித்து, பிறகு இத்தாலியில் குடியேறி, மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றி உலகமே அவர் பேச்சைக் கேட்கும் அளவுக்கு உயர்ந்த கலை விமர்சகர். அண்ணன் ஓவியம், தங்கை இசை என்பதுதான் அந்த வீட்டின் கணக்கு. சென்டாவுக்கு பியானோ கலைஞராக வேண்டும் என்று ஆசை. பாஸ்டனில் இசைக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நோஞ்சான். அடிக்கடி படுத்துவிடுவார், பள்ளிப் படிப்பே அதனால் தடைபட்டது. பியானோ முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பயிற்சி செய்ய முதுகு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் இசையையும் விட வேண்டியதாயிற்று.

நோஞ்சான் பெண் உடற்பயிற்சி ஆசிரியையானது எப்படி?

1890-ல் பாஸ்டன் நார்மல் ஸ்கூல் ஆஃப் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மேரி ஹெமன்வே என்ற செல்வந்தப் பெண்மணி பணம் போட, ஏமி மாரிஸ் ஹோமன்ஸ் என்பவர் நடத்திய பள்ளி அது. பெண்களை உடற்பயிற்சி ஆசிரியைகளாக உருவாக்குவதுதான் நோக்கம். சென்டா போனது ஆசிரியை ஆவதற்காக இல்லை, உடம்பு கொஞ்சமாவது தேறாதா என்றுதான்.

ஆரம்பத்தில் சில நிமிடம் நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடு. மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது இவர் பாதியில் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கே கற்றுக்கொடுத்தது ஸ்வீடன் நாட்டு முறை உடற்பயிற்சி. ஆசிரியர் கட்டளை கொடுப்பார், எல்லாரும் ஒரே மாதிரி கையைத் தூக்குவது, முதுகை வளைப்பது. சலிப்பான வேலைதான், ஆனால் சென்டாவுக்குப் பலன் கொடுத்தது. சில மாதங்களில் முதுகு தேறியது, நடையில் தெம்பு வந்தது.

பெண் உடம்பு பிறவியிலேயே பலவீனம், அதை மாற்ற முடியாது என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. அது பொய் என்பதற்கு சென்டாவுக்கு வெளியே ஆதாரம் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. தன் உடம்பிலேயே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த அனுபவம்தான்.

1892 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் நகரில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை இடம் காலியானது. தற்காலிகமாக நிரப்ப சென்டாவை அனுப்பினார்கள். அப்படிப் போனவர் 19 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

பெண்கள் படித்தால் உடம்பு கெடுமா?

இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்று இது சீரியஸான விவாதம். ஹார்வர்டில் மருத்துவம் கற்பித்த எட்வர்ட் கிளார்க் என்பவர் 1873-ல் ஒரு புத்தகமே எழுதினார். பெண்கள் ஆண்களைப் போல மூளையைக் கசக்கிப் படித்தால் உடலின் சக்தியெல்லாம் மூளைக்குப் போய்விடும், பிள்ளை பெறும் உறுப்புகள் பாதிக்கப்படும் என்பது அவர் வாதம். புத்தகம் நன்றாக விற்றது. படித்தவர்களும் நம்பினார்கள்.

ஸ்மித் கல்லூரி திறக்கப்பட்டது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1875-ல். அதனால் அங்கே படித்த ஒவ்வொரு மாணவியும் ஒரு பரிசோதனை மாதிரிதான். ஒருத்தி மயங்கி விழுந்தாலும், பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று பேச ஒரு கூட்டம் காத்திருந்தது. மகளிர் கல்லூரிகள் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கியதற்கு இதுவும் முக்கியக் காரணம். மாணவிகளின் ஆரோக்கியத்தை நிரூபிக்க வேண்டிய சுமை கல்லூரிகளின் தலையில் இருந்தது.

சென்டா வந்து பார்த்தால், மாணவிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு என்றாலே வெறுப்பு. கட்டளைக்குக் கை தூக்குவதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? ஏதாவது ஒரு விளையாட்டு வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்.

30 கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த ஆட்டம்

நார்த்தாம்ப்டனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். அங்கே ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியருக்கும் இதே தலைவலி. குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாது, உள்ளே உடற்பயிற்சி என்றால் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். 1891 டிசம்பரில் அவர் இரண்டு பீச் பழக் கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டி, ஒரு கால்பந்தைக் கொடுத்து, 13 விதிகள் எழுதி ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் கூடைப்பந்து.

(அந்தப் பள்ளிக்கு நம் ஊரோடும் தொடர்பு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரி அதுதான்.)

1892 ஜனவரியில் நைஸ்மித் தன் விதிகளைப் பள்ளியின் பத்திரிகையில் வெளியிட்டார். சென்டா அதைப் படித்தார். ஆட்டம் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சரி, நம் மாணவிகளை ஆட வைத்துப் பார்ப்போமே என்று முடிவு செய்தார்.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பெண்களில் முதலில் கூடைப்பந்து ஆடியவர்கள் ஸ்மித் மாணவிகள் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் சிலர் மதிய இடைவேளையில் எட்டிப் பார்த்து, நாங்களும் ஆடலாமா என்று நைஸ்மித்திடமே கேட்டு ஆடினார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஆடிய பெண்களில் ஒருவரான மாட் ஷெர்மனைத்தான் நைஸ்மித் பின்னாளில் திருமணம் செய்துகொண்டார். ஆனால் ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்துக்குள் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து, விதி எழுதி, நாடு முழுக்கப் பரவச் செய்தவர் சென்டா.

1893 மார்ச்: முதல் மேட்ச்சில் என்ன நடந்தது?

முதலாம் ஆண்டு மாணவிகளுக்கும் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கும் மேட்ச். கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் முதல் ஆட்டம் என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. ஜிம்மில் மேலே ஓட்டப் பயிற்சிக்காகக் கட்டிய மாடத்தில் மாணவிகள் நெருக்கியடித்து நின்றார்கள். இரு வகுப்பின் வண்ணங்களும் அங்கே தொங்கின. ஆட்டக்காரர்கள் முழங்கால் வரைக்கும் வரும் தொளதொள காற்சட்டை போட்டிருந்தார்கள். அந்த உடையில் பெண்களை ஆண்கள் பார்ப்பது அன்றைய நாகரிகத்துக்கு ஒவ்வாது. அதனால்தான் கதவுக்குப் பூட்டு.

சென்டா நடுவில் நின்று பந்தை மேலே வீசினார். ஆட்டம் ஆரம்பித்த அந்த முதல் நொடியிலேயே விபத்து. பந்துக்காக உயர்ந்த முதலாம் ஆண்டு அணியின் சென்டர் ஆட்டக்காரரின் தோள் மூட்டு விலகிவிட்டது.

அந்த நிமிடம் சென்டாவின் மனநிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண் உடம்பு தாங்காது என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பாளர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா? வேறு யாராவது இருந்தால் போதும் என்று கூடைகளைக் கழற்றி வைத்திருப்பார்கள். சென்டா அந்த மாணவியை அறைக்கு அழைத்துப் போனார். மூட்டைச் சரியான இடத்தில் பொருத்தினார்கள். இன்னொரு மாணவியை இறக்கிவிட்டு ஆட்டம் தொடர்ந்தது.

15 நிமிடம் வீதம் இரண்டு பாதி. இறுதியில் 5-4 என்ற கணக்கில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஜெயித்தார்கள். இன்று ஒரு குவார்ட்டர் முடிவதற்குள் 20 புள்ளி போகிறது. அன்று மொத்தமே 9 புள்ளிதான். ஆனால் கல்லூரியே அதைப் பற்றித்தான் பேசியது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இந்த வகுப்பு மேட்ச் ஸ்மித்தில் ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

கோடு ஏன் வந்தது?

நைஸ்மித்தின் விதிகளை அப்படியே பின்பற்றாமல் சென்டா அவற்றில் கை வைத்தார். அவர் செய்த முக்கிய மாற்றங்கள் இவை:

• கோர்ட்டை மூன்று சம பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் கோட்டைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது.

• எதிராளியின் கையில் இருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது, தட்டிவிடவும் கூடாது.

• பந்தை 3 நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது.

• 3 முறைக்கு மேல் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகக் கூடாது.

• ஓர் அணியில் 5 முதல் 10 பேர் வரை ஆடலாம்.

இதற்கு அவர் மனதில் இருந்த காரணங்கள் ஒன்றல்ல. முதலாவது, முரட்டுத்தனம். அன்றைய ஆண்கள் கூடைப்பந்து தள்ளுமுள்ளு நிறைந்தது. ஜெயிக்கிற வெறி ஏறினால் பெண்களும் அப்படித்தான் ஆடுவார்கள் என்பதை சென்டா நேரில் பார்த்தார். ஒரே ஒரு பெரிய அடிதடி பத்திரிகையில் வந்துவிட்டால் பெண்கள் ஆட்டத்துக்கே மூடுவிழா நடத்திவிடுவார்கள் என்ற கவலை அதில் இருந்தது.

இரண்டாவது, களைப்பு. கோர்ட் முழுக்க ஓடினால் இதயம் தாங்காது என்ற அன்றைய மருத்துவக் கருத்தை அவரும் ஓரளவு நம்பினார். இந்த இடத்தில் அவர் தன் காலத்தின் பிள்ளைதான்.

மூன்றாவது காரணம்தான் சுவாரஸ்யம். ஒரே ஒரு ஸ்டார் பிளேயர் பந்தை எடுத்துக்கொண்டு கோர்ட் முழுக்க ஓடி, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. கோடு இருந்தால் பந்து மூன்று பகுதியையும் தாண்டித்தான் கூடைக்குப் போக வேண்டும். பாஸ் கொடுத்தே தீர வேண்டும். டீமில் யாரையும் ஒதுக்க முடியாது. அதுவரை டீமாக ஆடிய அனுபவமே இல்லாத பெண்களுக்குச் சேர்ந்து வேலை செய்வதைக் கற்றுக்கொடுக்க அவர் கண்ட வழி அது.

1899-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாநாட்டில், பெண்கள் ஆட்டத்துக்குப் பொது விதி வேண்டும் என்று ஒரு குழு அமைத்தார்கள். ஊருக்கு ஒரு விதி என்று அதுவரை குழப்பம். உதாரணமாக, நியூ ஆர்லியன்ஸ் நகரில் கிளாரா பேயர் என்ற ஆசிரியை 1895-லேயே பாஸ்கெட் என்ற பெயரில் தனி விதிகள் வெளியிட்டிருந்தார். அவர் கோர்ட்டை இன்னும் பல துண்டுகளாக வெட்டியிருந்தார். புதிய குழு சென்டாவின் முறையைப் பெரும்பாலும் ஏற்றது. 1901-ல் ஸ்பால்டிங் நிறுவனம் அந்த விதிகளை சென்டாவைத் தொகுப்பாசிரியராகப் போட்டுப் புத்தகமாக வெளியிட்டது. 1905 முதல் 1917 வரை விதிக் குழுவின் தலைவராகவும் அவர்தான் இருந்தார். அமெரிக்கா முழுக்கப் பெண்கள் ஆடியது அவர் எழுதிய ஆட்டத்தைத்தான்.

சம்பளத்துக்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு?

அந்த விதிப் புத்தகத்தில் சென்டா ஒரு கட்டுரையும் எழுதினார். வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய வாதம் ஒன்று அதில் இருக்கிறது.

ஒரே வேலைக்கு ஆணுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெண்ணுக்குக் கொடுக்காததற்கு முதலாளிகள் சொல்லும் முக்கியமான சாக்கு, பெண்கள் அடிக்கடி நோயில் படுப்பார்கள் என்பது. அப்படியென்றால் பெண்கள் உடல்நலத்தையும் தாங்கும் சக்தியையும் வளர்த்துக்கொள்வது இன்னும் அவசியம் என்றார் சென்டா. பெண்களுக்குப் புதிய வேலைகள் திறந்துகொண்டே வருகின்றன. அங்கே போகிறவர்களுக்குச் சட்டென்று முடிவெடுக்கும் திறன், துணிச்சல், தோற்றால் துவளாத மனம் எல்லாம் வேண்டும். இதையெல்லாம் கை தூக்கிக் கை இறக்கும் பயிற்சி கொடுக்காது, விளையாட்டுதான் கொடுக்கும் என்பது அவர் கட்சி.

1901-ல் சம ஊதியத்தைப் பற்றிப் பேச ஒரு கூடைப்பந்து விதிப் புத்தகத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

வெளியூர் மேட்ச் வேண்டாம் என்றது ஏன்?

1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதின. இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் மகளிர் கூடைப்பந்து மேட்ச் அது. ஓர் அணிக்கு 9 பேர். அங்கேயும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. நடுவில் கூடை சாய்ந்துவிட, அதைச் சரிசெய்ய ஆண்கள் இருவர் உள்ளே வந்தபோது ஆட்டக்காரர்கள் ஓடி ஒளிந்ததாகச் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று ஜெயித்தது.

சென்டா தன் மாணவிகளை இப்படி வெளியே அனுப்ப மறுத்துவிட்டார். கல்லூரிகளுக்கு இடையே போட்டி என்று வந்தால் நல்லா ஆடுகிற பத்துப் பேருக்கு மட்டும் பயிற்சி கிடைக்கும், மீதி நூற்றுக்கணக்கானோர் கைதட்டும் கூட்டமாகிவிடுவார்கள் என்பது அவர் பயம். ஆண்கள் விளையாட்டில் பணமும் வெறியும் புகுந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் ஸ்மித்தில் வகுப்புக்கு வகுப்பு மேட்ச் மட்டும்தான்.

பயம் நியாயமானதுதான். ஆனால் விலையும் இருந்தது. உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரராக வரக்கூடிய ஒரு பெண்ணுக்குத் தன் கல்லூரி வாசலைத் தாண்டி ஆட வழியே இல்லாமல் போனது.

கோர்ட்டுக்கு வெளியே சென்டா

கூடைப்பந்தோடு அவர் நிற்கவில்லை. 1897-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போய் உடற்பயிற்சி முறைகளை மேலும் படித்து வந்தார். வாள்வீச்சு, நாட்டுப்புற நடனம் ஆகியவற்றை ஸ்மித்தில் சேர்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீயின் உதவியோடு 1901-ல் ஹாக்கியையும் கொண்டுவந்தார். விடுமுறைகளில் இத்தாலிக்குப் போய் அண்ணனைப் பார்ப்பதும் உண்டு.

1911-ல், 43 வயதில், ஸ்மித்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் வான் அபட்டைத் திருமணம் செய்துகொண்டார். கல்லூரி வேலையிலிருந்து விலகினார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அதே ஊரில் இருந்த பர்ன்ஹாம் பெண்கள் பள்ளியில் 1921 வரை உடற்கல்விப் பொறுப்பைப் பார்த்தார். 1929-ல் கணவர் காலமானார். பிறகு கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவுக்குக் குடிபெயர்ந்தார். 1954 பிப்ரவரி 16 அன்று, 85 வயதில் அங்கேயே காலமானார். நிமிர்ந்து நிற்கவே முடியாமல் பயிற்சிப் பள்ளிக்குப் போன பெண்ணுக்கு 85 வயது நீண்ட ஆயுள்தான்.

அவருக்குப் பிறகு கோடு என்ன ஆனது?

ஒரு தற்காப்பாகப் போட்ட கோடு காலப்போக்கில் கோட்பாடாகிவிட்டது. 1920-களில் பெண்கள் உடற்கல்வித் துறையில் இருந்த பலரும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியே கூடாது என்று கடுமையாக நின்றார்கள். பல கல்லூரிகள் இருந்த அணிகளையும் கலைத்தன.

மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் நடந்தது அப்படித்தான். 1930-களின் தொடக்கத்தில், இந்த ஆட்டம் பெண்களுக்கு ரொம்பக் கடினம் என்று சொல்லி அணியை நிறுத்திவிட்டார்கள். கேப்டன் மார்கரெட் வேடும் அவர் தோழிகளும் அழுதார்கள். பிறகு தங்கள் சீருடைகளைத் தீயில் போட்டு எரித்தார்கள்.

பெண்களின் உடம்பைக் காக்கிறேன் என்று சென்டா எழுதிய அதே காரணம், 40 ஆண்டு கழித்துப் பெண்களை வெளியே தள்ளப் பயன்பட்டது. பெண் பலவீனமானவள் இல்லை என்று தன் உடம்பால் நிரூபித்தவரின் விதிக்குள்ளேயே, பெண் பலவீனமானவள் என்ற நம்பிக்கை ஒளிந்திருந்தது.

1938-ல் மூன்று பகுதி இரண்டாகக் குறைந்தது. இந்தப் பக்கம் 3 பேர், அந்தப் பக்கம் 3 பேர். பந்து அடிப்பவர்கள் தடுக்கப் போக முடியாது, தடுப்பவர்கள் வாழ்நாளில் ஒரு கூடைகூடப் போட முடியாது. 1971-ல்தான் கல்லூரிப் பெண்களும் 5 பேர் கோர்ட் முழுக்க ஓடி ஆடும் முறை அதிகாரபூர்வமானது. அடுத்த ஆண்டே, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. டைட்டில் 9 என்பது அதன் பெயர்.

அதற்கப்புறம் எல்லாமே வேகம்தான். 1972-ல் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் பென்சில்வேனியாவின் சின்னஞ்சிறு இமாகுலாட்டா கல்லூரி ஜெயித்தது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே கல்லூரி ஆடியதைப் பார்க்கக் கிட்டத்தட்ட 12 ஆயிரம் பேர் வந்தார்கள். கதவுக்குப் பூட்டு போட்ட காலம் முடிந்துவிட்டது.

டெல்டா ஸ்டேட் கல்லூரியும் 1973-ல் அணியை மீண்டும் தொடங்கியது. கோச்சாக யாரை அழைத்தார்கள் தெரியுமா? சீருடையை எரித்த மார்கரெட் வேடைத்தான். அப்போது அவருக்கு 60 வயது. 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவருடைய மாணவி லூசியா ஹாரிஸ், 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறை சேர்க்கப்பட்டபோது முதல் கூடையைப் போட்டவர்.

இருந்தாலும் பழைய கோடு லேசில் விடவில்லை. அயோவா மாநிலப் பள்ளிகளில் 6 பேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது. ஒக்லஹோமாவில் 1995 வரை. ஆனால் அயோவாவில் அது ஒடுக்குமுறையாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்கள் பெண்கள் ஆட்டத்தையே மூடிய காலத்தில், அந்த மாநிலத்தில் ஊர் ஊராகப் பெண்கள் மேட்ச்சுக்குக் கூட்டம் அலைமோதியது. 2024 ஃபைனலை அத்தனை கோடிப் பேர் பார்க்கக் காரணமாக இருந்த கெய்ட்லின் கிளார்க் ஆடியதும் அயோவா அணிக்குத்தான். அந்த மேட்ச்சில் சவுத் கரோலினா 87-75 என்று ஜெயித்தது.

சென்டாவை எப்படி எடைபோடுவது?

1985-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் நைஸ்மித் நினைவு கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். மொத்தம் மூன்று பேர். ஒருவர் சென்டா பெரன்சன், இறந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு. இன்னொருவர் ஒக்லஹோமா பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து 1,157 மேட்ச் ஜெயித்த பெர்த்தா டீக். மூன்றாமவர் மார்கரெட் வேட்.

விதியை எழுதியவர், அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்று ஆட்டத்தை வளர்த்தவர், பெண்களுக்கு ஆகாது என்று சொல்லி வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்தவர். பெண்கள் கூடைப்பந்தின் நூற்றாண்டுக் கதை இந்த மூன்று பேருக்குள் அடங்கிவிடுகிறது.

சென்டா கோடு போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1893-ன் சூழலில், தோள் மூட்டு விலகிய அந்த முதல் மேட்ச்சோடு ஆட்டம் நின்றுபோக எல்லா வாய்ப்பும் இருந்தது. கல்லூரி நிர்வாகமும் பெற்றோரும் டாக்டர்களும் ஏற்கும் வடிவத்தில் ஆட்டத்தைக் கொடுத்ததால்தான் அது பிழைத்தது. அந்த அளவில் அவர் கணக்கு சரி. தவறு எங்கே என்றால், தற்காலிக ஏற்பாட்டை அடுத்த தலைமுறை கேள்வி கேட்காமல் நிரந்தரமாக்கியதில். உள்ளே நுழைய ஒப்புக்கொண்ட நிபந்தனை, நுழைந்த பிறகும் தானாக விலகாது. அதை விலக்க வேறு ஆட்கள், வேறு சண்டை, ஒரு சட்டம் எல்லாம் தேவைப்பட்டன.

சென்டா வெளியூர் அனுப்ப மறுத்த ஸ்மித் கல்லூரி இன்று மற்றக் கல்லூரிகளோடு மோதுகிறது. 2024-ல் சிறிய கல்லூரிகளுக்கான மூன்றாம் பிரிவு தேசிய இறுதிப் போட்டி வரைக்கும் போனது. கோர்ட் முழுக்க ஓடித்தான் அந்தப் பெண்கள் ஆடினார்கள்.